புதுப்பிப்பு: பாக்கோவில் நீள்மூக்குக் குரங்கைப் பார்த்துவிட்டேன்

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கும் பாக்கோ தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரவு தங்கச் சொன்னீர்கள், தங்கினோம். அதுதான் சரி.

சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கிலிருந்து பேருந்து, கம்போங் பாக்கோ என்ற கிராமத்திலிருந்து படகு. கடல் வற்றியிருந்ததால் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் கரையேறினோம்.

மாலை ஐந்து மணி இருக்கும். தெலுக் டெலிமா பாதையில் கிளை முறியும் சத்தம். அண்ணாந்து பார்த்தால், பானை வயிறும் வாய்மேல் தொங்கும் மூக்குமாக ஓர் ஆண் குரங்கு! தளிரைப் பறித்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. போர்னியோ தீவுப் பகுதியை விட்டால் வேறெந்தக் காட்டிலும் இல்லாத உயிர். அரைமணி நேரம் நாங்கள் அசையவே இல்லை.

லிந்தாங் பாதையில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகளும் பார்த்தோம். மேட்டில் நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். அப்புறம், நீளவால் குரங்குகள் பையைப் பிடுங்கும். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.