எடைமேடைக் கேபிளைப் பறித்துக்கொள்ளும் உபுண்டு: நிரந்தர வழி உண்டா?

எடைமேடை_கிருஷ்ணகிரி:

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் எடைமேடைக்கு நான் எழுதிய பைத்தான் நிரல் சில சீசன்களாக ஓடுகிறது. வேலை சின்னதுதான். பெங்களூரா காய் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். இண்டிகேட்டர் சீரியல் கேபிள் வழியாக எடையை அனுப்பும். காயை இறக்கிவிட்டு லாரி திரும்பும்போது காலி எடையைக் கழித்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரசீது அடிக்க வேண்டும். அந்த ரசீதை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம். இது நின்றால் ரோடு வரைக்கும் லாரி வரிசை நிற்கும், காய் வெயிலில் வெந்துபோகும்.

அந்தக் கணினியில் ஓடிய உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதனால் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவர் 22.04-க்கு மாற்றினார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மாற்றியதும் இரண்டு இடத்தில் அடி விழுந்தது.

ஒன்று, பைத்தான் 3.8 போய் 3.10 வந்ததால் பழைய அடைவில் இருந்த நூலகங்கள் எதுவும் அதன் கண்ணில் படவில்லை. அதை மறுபடி நிறுவிச் சரிசெய்தாயிற்று.

இன்னொன்றுதான் புரியவில்லை. யுஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகினால் போர்ட் ஒரு கணம் தோன்றி உடனே மறைகிறது. சிஎச்340 சிப் உள்ள சாதாரண கேபிள்தான். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் பதிவைப் பார்த்தால் 'பிஆர்எல்டிடிஒய்' என்று ஒரு பெயர் வருகிறது. தேடினால் அது பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் கருவிகளுக்கான மென்பொருளாம். லாரி எடைக்கும் பிரெய்லுக்கும் நடுவில் எப்படித் தொடர்பு வந்தது? இப்போதைக்கு ரசீதைக் கையால் எழுதுகிறார்கள். உடனடித் தீர்வும் வேண்டும், அடுத்த சீசனில் வேறு ஏதோ ஒன்று வந்து கையை வைக்காமல் இருக்க வழியும் வேண்டும்.

ஓசூர்_ஆட்டோமேஷன்:

அண்ணா, 22.04-இல் இது நிறைய பேருக்கு வந்த தொந்தரவு. யுஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்தும். உங்கள் கேபிள் சொல்வது 1ஏ86:7523. அது அந்தச் சிப்புக்கான பொது எண். ஒரு பிரெய்ல் கருவியும் உள்ளே அதே சிப்பை வைத்து, தனக்கென்று வேறு எண் வாங்காமல் அதே எண்ணைச் சொல்கிறது. அதனால் அந்த எண் பிஆர்எல்டிடிஒய்யின் பட்டியலிலும் ஏறிவிட்டது. நீங்கள் கேபிளைச் செருகியதும், செருகும் கருவிகளைக் கவனிக்கும் யுடெவ் என்ற நிரலின் விதி அந்த எண்ணைப் பார்க்கிறது, பிரெய்ல் கருவி வந்துவிட்டது என்று நினைத்து மென்பொருளை எழுப்புகிறது. அது கெர்னல் டிரைவரிடமிருந்து கேபிளை வாங்கிக்கொள்கிறது.

மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏப்ட் கட்டளை மூலம் பிஆர்எல்டிடிஒய் தொகுப்பை நீக்குங்கள், கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், போர்ட் நிற்கும். லாரியை முதலில் விடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

தர்மபுரி_கணினி_ஆசிரியர்:

அந்த எடைமேடைக் கணினியில் மட்டும் நீக்குங்கள். "உபுண்டு போட்டதும் முதலில் இதைத் தூக்கிவிடு" என்று இணையத்தில் பலர் சொல்வதை மட்டும் தயவுசெய்து பரப்பாதீர்கள். என்னிடம் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். யாரையும் கூப்பிடாமல் பிரெய்ல் கருவியைச் செருகினதும் அது தானாக வேலை செய்ய வேண்டும். அதற்காகத்தான் இந்த மென்பொருளை எல்லோருடைய கணினியிலும் முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். பார்வையுள்ள ஒருவர் வந்து நிறுவிக் கொடுக்கும் வரை காத்திரு என்று அந்தப் பிள்ளைகளிடம் என்னால் சொல்ல முடியாது.

பலர் பயன்படுத்தும் கணினியாக இருந்தால் நீக்காமலே சரிசெய்யலாம். யுஎஸ்ஆர்-லிப்-யுடெவ் அடியில் 85-பிஆர்எல்டிடிஒய் என்ற விதிக்கோப்பு இருக்கும். அதை அதே பெயரில் இடிசி-யுடெவ் அடியில் உள்ள விதி அடைவுக்கு நகலெடுத்து, 7523 வரும் வரியை மட்டும் முடக்குங்கள். ஒரே பெயர் இருந்தால் இடிசி-யில் இருப்பதைத்தான் யுடெவ் எடுத்துக்கொள்ளும். தொகுப்பு புதுப்பிக்கப்பட்டாலும் உங்கள் நகல் அப்படியே இருக்கும்.

பாலக்கோடு_டு_பெங்களூர்:

ஆசிரியர் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். 'நிரந்தர வழி' பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதில் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

இங்கே கெர்னல் எந்தத் தப்பும் செய்யவில்லை. 1992-இல் பேராசிரியர் டனன்பாமும் லினக்ஸை எழுதிய டோர்வால்ட்ஸும், டிரைவர் போன்றவற்றை வெளியே வைக்கும் மைக்ரோகெர்னலா, எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒற்றைக் கெர்னலா என்று மோதிக்கொண்டார்கள். அதில் எந்தப் பக்கம் ஜெயித்திருந்தாலும் உங்கள் கேபிள் பறிபோயிருக்கும். முடிவெடுத்தது மேலே ஓடும் ஒரு சாதாரண நிரல், கெர்னல் அது கேட்டதைக் கொடுத்தது, அவ்வளவுதான். கெர்னலின் அமைப்பு உண்மையிலேயே கழுத்தைப் பிடித்த நாள் என்றால் 2024 ஜூலை 19. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பழுதான கோப்பை விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் படிக்கப்போய், சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன.

உங்கள் சிக்கலுக்கு நெருங்கிய உறவு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் மென்பொருளின் விவகாரம். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சை எழுதியவர்கள் எக்ஸ்ஸெட்டின் எல்ஸெட்எம்ஏ நூலகத்தைப் பயன்படுத்தவே இல்லை. சில லினக்ஸ் வினியோகங்கள், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி-க்குத் தகவல் சொல்வதற்காக அதில் ஒரு ஒட்டுப் போட்டன. சிஸ்டம்டி நூலகம் எல்ஸெட்எம்ஏவை இழுத்து வந்தது. அந்த வழியாகத்தான் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்கதவு எஸ்எஸ்எச் வரை வந்தது. லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் துருவிப் பார்த்து 2024 மார்ச் 29-இல் வெளியே சொல்லாவிட்டால் எங்கே போய் முடிந்திருக்குமோ. அந்தத் தொடர்பு எழுதியவர் யார் மனதிலும் இல்லை. சேர்த்துக் கட்டும் இடத்தில்தான் பிறந்தது. உங்கள் லாரிக்கும் பிரெய்லுக்கும் உறவு வந்ததும் அங்கேதான்.

அதனால் இணைப்பு நடக்கும் இடங்களை உங்கள் கைக்குள் வையுங்கள். சிஸ்டம் பைத்தானை உபுண்டுவின் சொத்து என்று விட்டுவிடுங்கள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் அடிப்படை சிஸ்டம் தனி, நாம் நிறுவுவதெல்லாம் யுஎஸ்ஆர்-லோக்கல் அடியில் தனி. அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். உபுண்டுவில் அதை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்: ஆப்ட் (opt) அடைவில் தனிப் பைத்தான் ஒன்றைக் கட்டி அதன்மேல் வென்வ் (இந்த நிரலுக்கு மட்டுமான தனி நூலக அடைவு), தேவையான நூலகங்களின் வீல் கோப்புகள் (நிறுவத் தயாரான தொகுப்புகள்) ஒரு பென்டிரைவில். தொழிற்சாலையில் நெட் இல்லாவிட்டாலும் மறுபடி நிறுவலாம்.

ஓசூர்_ஆட்டோமேஷன்:

ஒரு எச்சரிக்கை மட்டும். எல்லாவற்றையும் உறைய வைத்தால் பாதுகாப்புத் திருத்தமும் உறைந்துபோகும். தனியாகக் கட்டிய பைத்தானுக்கு உபுண்டு திருத்தம் அனுப்பாது. அந்தக் கணினி நெட்டில் இருந்தால் அதைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. எங்கள் பக்கம் இயந்திரக் கணினிகளைத் தனி நெட்வொர்க்கில் வைத்து, ரசீதுத் தரவை மட்டும் வெளியே விடுவோம். அப்டேட்டை சீசன் முடிந்த பிறகு, முதலில் இன்னொரு கணினியில் போட்டுப் பார்ப்போம்.

எடைமேடை_கிருஷ்ணகிரி:

மூவருக்கும் ரொம்ப நன்றி. எடைமேடைக் கணினியில் தொகுப்பை நீக்கியாயிற்று, ரசீது அடிக்கிறது. அலுவலகக் கணினியில் ஆசிரியர் சொன்னபடி அந்த ஒரு வரியை மட்டும் முடக்கினேன். தனிப் பைத்தான் வேலையை சீசன் முடிந்ததும் எடுக்கிறேன். கடைசியாக ஒன்று: இரண்டாவது மேடையும் வருகிறது. இரண்டு கேபிளும் ஒரே கணினியில் இருந்தால் எது எந்த மேடை என்று மாறாமல் இருக்க என்ன செய்வது?

ஓசூர்_ஆட்டோமேஷன்:

கேபிள்களுக்கு லினக்ஸ் தரும் டிடிஒய்யுஎஸ்பி0, 1 என்ற பெயர்களை நம்பாதீர்கள், செருகும் வரிசைப்படி மாறும். டெவ்-சீரியல் அடியில் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு அடைவுகள் உண்டு. சிஎச்340-இல் பெரும்பாலும் வரிசை எண் இருக்காது. அதனால் ஐடி-யை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எந்த யுஎஸ்பி துளை என்று பார்க்கும் பை-பாத்தைப் பயன்படுத்தி, துளைக்குப் பக்கத்தில் 'மேடை 1', 'மேடை 2' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் வரிசை எண் உள்ள எஃப்டிடிஐ சிப் கேபிள் வாங்குங்கள், அப்போது எந்தத் துளையில் மாட்டினாலும் பை-ஐடி பெயர் மாறாது.