பழைய அலமாரியும் புது சோபாவும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன, யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். ஹாலைப் பழசும் புதுசும் கலந்து அமைக்க ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டேன். தாத்தா காலத்துக் கருமர அலமாரி, சாம்பல் நிற சோபா, இரும்புக்கால் வைத்த கண்ணாடி டீப்பாய், ஒரு பிரம்பு நாற்காலி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. சேர்த்துப் பார்த்தால் லாரியிலிருந்து இறக்கிப் போட்ட சாமான் மாதிரி இருக்கிறது.

அறையில் ஒரு நிறம் 60 சதவீதம், இன்னொன்று 30, மூன்றாவது 10 என்கிற 60-30-10 கணக்கை நம்பிச் சுவர், திரைச்சீலை எல்லாம் மணல் நிறத்துக்கு மாற்றினேன். அதுதான் 60. சாம்பல் 30. மிச்சம் 10 சதவீதத்துக்குக் கடுகு மஞ்சளா, செங்கல் சிவப்பா? அந்தக் கருமரம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. வெள்ளை பெயின்ட் அடித்துவிடு என்கிறார்கள் வீட்டில். மனசு வரவில்லை.

விரிப்பில் தப்பு என்னுடையது. 4க்கு 6 அடி வாங்கிவிட்டேன். சோபாவின் முன்கால்கூட அதன்மேல் ஏறவில்லை, நடு ஹாலில் கால்மிதி மாதிரி கிடக்கிறது. அறை 12க்கு 14 அடி. 8க்கு 10 போட்டால் சரிவருமா, அடைசலாகத் தெரியுமா?

விளக்கு இப்போது 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். மரத்தின் நிறமே வெளிறிப்போகிறது. இதமான மஞ்சள் வெளிச்சத்துக்கு 2700 போடலாமா, 3000 போதுமா?

இப்படிக் கலந்து வைத்தவர்கள் எதைத் திரும்பத் திரும்ப வரவைத்து ஒட்டவைத்தீர்கள்? கருப்பு உலோகமா, மரமா, துணியா? அலமாரியை விற்றுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.