தங்கை குடிக்கும் ஸ்லிம் கோப்பி: மூலிகைதானே, பயப்பட வேண்டுமா?

பிறை அக்கா (திங்கள், இரவு 10.40)

தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். ஐந்து வாரமாக "மூலிகை ஸ்லிம் கோப்பி" குடிக்கிறாள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பாக்கெட். ஒரு பெட்டி 89 வெள்ளி. 6 கிலோ குறைந்திருக்கிறது, அதில் பொய்யில்லை. தையல்காரரிடம் ரவிக்கையை இரண்டு முறை பிடிக்கக் கொடுத்துவிட்டோம்.

ஆனால் நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். வாய் காய்கிறது என்று தண்ணீர் பாட்டிலும் கையுமாகவே திரிகிறாள். நேற்று மூன்று மாடி ஏறி வந்தவள் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். தவில் அடிப்பது போல் அடிக்கிறது. பெட்டியில் பச்சைத் தேயிலைச் சாறு, குடம்புளி, குவாரானா, கசப்பு ஆரஞ்சு, "100 விழுக்காடு இயற்கை" என்று போட்டிருக்கிறது. நிறுத்து என்றால் "மூலிகைதானேக்கா" என்கிறாள். இங்கே யாராவது இதைக் குடித்திருக்கிறீர்களா?

ஸ்லிம் சிஸ்டர் (திங்கள், இரவு 11.05)

அக்கா, நான் பட்டர்வொர்த். நீங்கள் சொல்வது எந்தக் கோப்பி என்று தெரியும், நானே அதற்கு ஏஜெண்ட். மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு 82 கிலோ இருந்தேன், இப்போது 68. படபடப்பு என்பது முதல் இரண்டு மாதம் உடம்பில் உள்ள கழிவு வெளியேறும் அறிகுறி. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். பெட்டியிலேயே "கேகேஎம் லுலுஸ்", அதாவது சுகாதார அமைச்சு அனுமதித்தது என்று இருக்கிறது, ஹலால் முத்திரையும் இருக்கிறது. என் வாடிக்கையாளர் நாற்பது பேருக்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

கோப்பி ஓ கொசோங் (திங்கள், இரவு 11.09)

கழிவு நெஞ்சு வழியாகவா வெளியேறும்?

மருந்துக்கடை மாமா (செவ்வாய், காலை 6.30)

பினாங்கு ஜார்ஜ் டவுனில் முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்கு பயம் தருவது உங்கள் தங்கைக்கு வந்த படபடப்பு மட்டுமில்லை அம்மா, அந்த 6 கிலோவும்தான்.

பெட்டியில் எழுதியிருக்கும் நான்கும் ஐந்து வாரத்தில் இப்படி இளைக்க வைக்கிற சரக்கே இல்லை. குடம்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆசாம் லக்சாவில் போடும் ஆசாம் கெப்பிங் அதற்குத் தம்பி முறை. அதிலுள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் கொழுப்பைத் தடுக்கும் என்றார்கள். 1998-இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். அதை எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ. குவாரானா என்பது கோப்பியில் இருக்கிற அதே காஃபீன்தான், வேறு விதையிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் 6 கிலோவைக் குறைத்தது எது? பசி அடைத்துப் போவது, தூக்கம் கெடுவது, வாய் காய்வது, நெஞ்சு அடித்துக்கொள்வது எல்லாம் ஒன்றாக வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் சிபுட்ராமின். அது ஒரு காலத்தில் டாக்டர் சீட்டுக்குக் கொடுத்த இளைக்கும் மருந்து. 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். "மூலிகை" கோப்பியிலும் மாத்திரையிலும் அதைக் கலந்து விற்பது இந்த மலேசியாவில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிற சங்கதி. இவளுடைய பெட்டியில் அதுதான் இருக்கிறது என்று சோதிக்காமல் நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக் கூட்டிப் போங்கள். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்று ஏதாவது வந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

டம்பல் தம்பி (செவ்வாய், காலை 9.15)

மாமா, கலப்படம் வேறு, மூலிகை வேறு. இரண்டையும் ஒரே கரண்டியில் கலக்காதீர்கள். நான் செந்தூல், ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறேன். மூலிகை ஊக்கி வேலையே செய்யாது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மா ஹுவாங் என்கிற எபெட்ரா செடியை எடுங்கள். அதில் உள்ள எபெட்ரினைக் காஃபீனோடு சேர்த்து 1992-இல் டென்மார்க்கில் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு ஒன்றுதான். மருந்து எடுத்தவர்கள் 16.6 கிலோ, எடுக்காதவர்கள் 13.2 கிலோ. 2002-இல் செடிச் சாற்றையே வைத்து ஆறு மாதம் நடந்த சோதனையில் 5.3 கிலோ, மறுபக்கம் 2.6 கிலோ. இரட்டிப்பு! யாரோ அளவு மீறி எடுத்துச் செத்தார்கள் என்பதற்காக 2004-இல் அமெரிக்கா தடை போட்டது. கார் மோதி ஆள் செத்தால் காரையா தடை செய்கிறோம்?

மருந்துக்கடை மாமா (செவ்வாய், மதியம் 1.20)

எண்களைச் சரியாகத்தான் சொல்கிறாய் தம்பி. விட்டுப்போனதை நான் சொல்கிறேன். அந்த 2002 சோதனையில் சேருமுன் ஆட்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்கள், இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள், ஆகாதவர்களை வெளியே அனுப்பினார்கள். பிறையில் ஏஜெண்டிடம் பெட்டி வாங்குகிற பெண்ணுக்கு யார் கையில் பட்டை கட்டிப் பார்த்தார்கள்?

2003-இல் இந்தச் சோதனைகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். வெறும் மாத்திரையைவிட மாதத்துக்குச் சுமார் 0.9 கிலோ கூடுதலாகக் குறைந்தது. அந்த ஒரு கிலோவுக்குக் கொடுத்த விலை: படபடப்பு, மனக் கலக்கம், குமட்டல் போன்றவை வரும் வாய்ப்பு 2.2 முதல் 3.6 மடங்கு. அதே வருடம் பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் புளோரிடாவில் பயிற்சியின்போது வெப்பத் தாக்கில் சுருண்டு மறுநாள் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்தவர் எபெட்ராவையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

டம்பல் தம்பி (செவ்வாய், மதியம் 1.48)

அவருக்கு முன்பே இரத்த அழுத்தம் இருந்தது, கல்லீரலிலும் கோளாறு. சரியாகச் சாப்பிடவும் இல்லை. அதையும் சொல்லுங்கள்.

மருந்துக்கடை மாமா (செவ்வாய், மதியம் 2.05)

சொல்கிறேனே. அரைகுறையாகச் சாப்பிட்டு, வெயிலில் ஓடி, எடையைக் குறைக்கத் தவித்த ஒருவர். இளைக்கும் மருந்து வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தானே தம்பி இருக்கிறார்கள்? நம் ஊர் வெயிலுக்கு மட்டும் என்ன குறைச்சல்?

சுக்கு மல்லி (செவ்வாய், மாலை 5.30)

நான் மூலிகைக் கட்சி. ஆனால் இந்தக் கோப்பிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

என் அப்பா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் வைத்தியம் பார்த்தவர். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் யாருக்கும் தொடக்கூடத் தரமாட்டார். இத்தனை நாள், இந்த அனுபானம், இந்தப் பத்தியம் என்று சொல்லித்தான் மருந்தைக் கையில் கொடுப்பார். நாடி பார்க்காமல் கொடுத்ததே இல்லை. சீன வைத்தியத்திலும் மா ஹுவாங் சளிக் காய்ச்சலுக்கும் இரைப்புக்கும் சில நாள் கொடுக்கிற சரக்கு. இளைப்பதற்கு மாதக்கணக்கில் கொடுப்பதில்லை.

இப்போது சாற்றைப் பத்து மடங்கு சுண்டவைத்து, பத்தியம் இல்லாமல், நாடி இல்லாமல் பாக்கெட்டில் அடைத்து "பாரம்பரியம்" என்கிறார்கள். எந்தப் பாரம்பரியம் அது? நான்கு கப் தேநீரும் நான்கு கப் தேநீரின் சாரத்தை ஒரே மாத்திரையில் விழுங்குவதும் ஒன்றா?

மருந்துக்கடை மாமா (செவ்வாய், மாலை 5.52)

ஒன்றில்லை ஐயா. பச்சைத் தேயிலைச் சாற்றிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. பாலில்லாத தே ஓ குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

ஸ்லிம் சிஸ்டர் (செவ்வாய், இரவு 9.40)

படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சின்ன வியாபாரியை மிதிக்கிறீர்கள். சரி, நானும் தேடிப் படித்தேன். சிபுட்ராமினை எடுக்கக் காரணமான ஆய்வில் இருந்தவர்கள் 55 வயது தாண்டியவர்கள், இதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்து 10 விழுக்காட்டிலிருந்து 11.4 ஆனது, அவ்வளவுதான். கல்யாணப் பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும்? குண்டாக இருந்தால் மட்டும் ஆபத்து இல்லையா? இந்த நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் எடை கூடியவர்கள் என்று அரசாங்கமே சொல்கிறது. டாக்டரிடம் போனால் "குறைவாகச் சாப்பிடு, நட" என்று இரண்டு வார்த்தை. நான் இரண்டு வருடம் நடந்தேன். இந்தக் கோப்பிதான் எனக்குக் கை கொடுத்தது.

பிறை அக்கா (செவ்வாய், இரவு 10.15)

சிஸ்டர், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. "நட" என்ற இரண்டு வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன்.

மருந்துக்கடை மாமா (புதன், காலை 6.45)

நீ படித்தது சரிதான் அம்மா. அந்த ஆய்வு அப்படிப்பட்டவர்களிடம்தான் நடந்தது. ஆனால் அது கணக்குப் பார்த்துக் கொடுத்த மருந்து. தினம் 10 மில்லிகிராம் என்று தொடங்கி, தேதி வைத்துப் பரிசோதித்தார்கள். பாக்கெட்டில் கலப்பவன் எந்தத் தராசு வைத்திருக்கிறான்? ஒரு பாக்கெட்டில் ஒன்றுமே இருக்காது, அடுத்ததில் மூன்று மடங்கு இருக்கும். உன் நாற்பது பேரில் யார் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாயா? சிலவற்றோடு சேர்ந்தால் சிபுட்ராமின் உயிருக்கே வினையாகும்.

கலப்படம் வேறு, மூலிகை வேறு என்று சொன்ன தம்பிக்கும் ஒன்று. 2000-இல் 20 எபெட்ரா பொருட்களைச் சோதித்தபோது பாதியில், லேபிளில் போட்டதற்கும் உள்ளே இருந்ததற்கும் 20 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம். அப்போது அங்கே அது சட்டப்படி விற்ற சரக்கு!

அப்புறம், "கேகேஎம் லுலுஸ்" என்ற வார்த்தையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பார்க்க வேண்டியது எம்ஏஎல் என்று தொடங்கும் எண். எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பாரம்பரிய மருந்தென்றால் "டி". அந்த எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ இணையத்தளத்தில் குவெஸ்ட் 3 பிளஸ் என்ற பக்கத்தில் போட்டுத் தேடுங்கள். எண் இருந்தால் இளைப்பீர்கள் என்று அர்த்தமில்லை, பாரம்பரியப் பொருளுக்குப் பாதுகாப்பும் தரமும்தான் பார்க்கிறார்கள். ஆனால் குறைந்தபட்சம், பெட்டியில் எழுதியிருக்கும் பெயர்தான் அங்கேயும் வருகிறதா என்று தெரியும்.

டம்பல் தம்பி (புதன், காலை 10.30)

லேபிள் விஷயத்தில் மாமா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எபெட்ரின் வேலை செய்யாது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

கோப்பி ஓ கொசோங் (புதன், காலை 10.34)

வேலை செய்வதுதானே தம்பி இங்கே பிரச்சினையே.

பிறை அக்கா (வியாழன், இரவு 8.50)

நேற்றுச் சாயங்காலம் கிளினிக்குக் கூட்டிப் போனேன். அழுதுகொண்டேதான் வந்தாள், கல்யாணத்துக்குள் இன்னும் 4 கிலோ குறையவேண்டுமாம். இரத்த அழுத்தம் 152/98, நாடி 116. வயது 27. டாக்டர் ஈசிஜி எடுத்தார், இரத்தமும் எடுத்திருக்கிறார். கோப்பியைத் தொடவே கூடாது என்றார், அடுத்த வாரம் திரும்ப வரச் சொன்னார். அவரிடம் பெட்டியைக் காட்டியபோதுதான் அடிமடிப்பில் எம்ஏஎல் எண் ஒன்று இருப்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மாமா சொன்ன பக்கத்தில் போட்டோம். அந்த எண்ணில் பதிவாகி இருப்பது ஒரு தலைவலித் தைலம்.

தங்கை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனை வாங்கி, தானே ஒருமுறை எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

ஸ்லிம் சிஸ்டர் (வியாழன், இரவு 11.58)

என் பெட்டியையும் போட்டுப் பார்த்தேன். அதே தைலம்தான் வருகிறது. நான் இளைத்தது பொய் இல்லை, அதை மட்டும் யாரும் பொய் என்று சொல்லாதீர்கள்.

வீட்டில் 11 பெட்டி இருக்கிறது. என் மேல் இருக்கும் ஏஜெண்ட் ஃபோனை எடுக்கவில்லை. மாமா, இதை யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் என்னைப் பிடிப்பார்களா?

மருந்துக்கடை மாமா (வெள்ளி, காலை 6.20)

மாநிலச் சுகாதாரத் துறையில் மருந்தக அமலாக்கப் பிரிவு இருக்கிறது. பதிவில்லாத மருந்தை விற்றால் தனியாளுக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 வருடம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அதனால் தனியாகப் போகாதே, ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போ. விற்றதை நிறுத்து. அந்த நாற்பது பேருக்கும் இன்றே ஃபோன் செய். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களை முதலில் கூப்பிடு.

ஸ்லிம் சிஸ்டர் (வெள்ளி, காலை 7.02)

ஏழு பேரைக் கூப்பிட்டுவிட்டேன். இருவர் எடுக்கவில்லை. ஒருவர், வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்.