அண்ணனுக்கு என்ன நோய் என்று தம்பிக்குத் தெரியவில்லை

சேலத்தில் ஒரு லேபுக்கு ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். வீடு, பட்டறை, தறிக்கூடம் என்று நேரிலேயே போய் எடுப்போம். ஐம்பதை நெருங்கிய ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் வழக்கம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. அப்படிக் கேட்டதில் மனதில் நின்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. முதலாளி தன் செலவில் எல்லாருக்கும் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லியிருந்தார். கண்ணி பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கண்ணா என்றேன். “ஒண்ணுக்குப் போறதுல எனக்கு ஒரு குறையும் இல்லப்பா, அது எதுக்கு?” என்றார். பக்கத்தில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, “பின்னாடி விரலை விட்டுப் பார்ப்பாங்களாமே?” என்றார்.

இந்த இரண்டு பேச்சும் எங்கே போனாலும் வரும். சிறுநீர் நன்றாகப் போகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பக்கத்தில் தொடங்குவதால் ஆரம்பத்தில் சிறுநீர்க் குழாயை அழுத்தாது. ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பவருக்கு இருப்பது பெரும்பாலும் வயதானால் வரும் சாதாரண வீக்கம்தான். விரல் சோதனை தேவைப்பட்டால் டாக்டர் சொல்வார், அது ஒரு நிமிட வேலை. முதலில் பார்ப்பது ரத்தம்தான், அதற்கு வெறும் வயிற்றோடுகூட வர வேண்டாம்.

சங்ககிரி பக்கம் ஒரு லாரி டிரைவருக்கு பி.எஸ்.ஏ. அளவு கூடுதலாக வந்துவிட்டது. மகள் போனில் தேடிப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் விசாரித்தபோது அவருக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்து, சில வாரம் விட்டுத் திரும்ப எடுத்தோம், இறங்கியிருந்தது. கிருமித்தொற்று, சாதாரண வீக்கம் எல்லாமே இந்த எண்ணை ஏற்றும். முந்தின இரண்டு நாள் தாம்பத்தியமும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம் என்று சொல்வது, அவையும் எண்ணை ஏற்றலாம் என்பதால்தான். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டிரைட் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எண் பாதியாக இறங்கியே காட்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அம்மாப்பேட்டையில் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. விசைத்தறி ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும், சர்க்கரை பார்க்கக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் யாருக்காவது புராஸ்டேட் பிரச்சினை உண்டா என்று கேட்டேன். யோசிக்காமல் “இல்லை” என்றார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, “ஏங்க, உங்க அண்ணனுக்கு அதானே? அக்கா எங்கிட்ட சொன்னாங்களே” என்றார்.

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு முதுகுத்தண்டில் கோளாறு என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்புவலி தறியில் நின்று வந்தது என்று அண்ணனும் தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறார். ஸ்கேன் எடுத்தபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது. ஓரகத்திகள் இருவருக்கும் தெரிந்த விஷயம், ஒரே சுவரைப் பங்குபோட்டுக் குடியிருக்கும் தம்பிக்குத் தெரியவில்லை.

இதில் எனக்குக் கோபமே வருகிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படிப்பட்டவர்கள் 45 வயதிலேயே டாக்டரிடம் பேச வேண்டும் என்கிறார்கள். மற்றவர்களுக்கு 55 முதல் 69 வரை டாக்டரோடு பேசி முடிவெடுப்பது என்று அமெரிக்க வழிகாட்டுதல் ஒன்று உண்டு, 70க்கு மேல் வழக்கமாகப் பார்க்கச் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது. மெதுவாக வளர்ந்து ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராத கட்டிகளும் உண்டு. அவற்றுக்கும் சிகிச்சை செய்துவிட்டுச் சிறுநீர்க் கசிவோடு அவதிப்படுகிறவர்களும் உண்டு. எல்லாரும் நாளைக்கே கையை நீட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் நோயின் பேரை மறைத்தால் யார் சீக்கிரம் பார்க்க வேண்டியவர் என்பதே தெரியாமல் போகிறது. வீடு தேடி வரும் அரசுப் பணியாளர்கள் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள், இதை நாமாகத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தம்பி அந்த வாரமே சிறுநீர்ப்பாதை டாக்டரைப் பார்த்துவிட்டார். அண்ணனுக்கு இரண்டு மகன்கள், பெரியவன் ஓசூரில் கம்பெனி வேலை. அப்பாவுக்கு என்ன என்பதை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறேன்.