சி19ஓஆர்எஃப்12 மரபணு: அறிக்கையில் கிளைசீன் 58, கட்டுரைகளில் 69. வெஸ்டர்னிலும் 17 கிலோடால்டனில் பட்டை இல்லை

கேள்வி – கொழும்பு_ஈரத்தளம்

வணக்கம். மூளையில் இரும்பு படியும் நோயாக இருக்கலாம் என்று வெளிநாட்டுக்கு அனுப்பிய எக்ஸோம் (மரபணுக்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளை வாசிக்கும்) பரிசோதனையின் முடிவு வந்திருக்கிறது. சி19ஓஆர்எஃப்12 மரபணுவில் சி.171_181டெல் (171 முதல் 181 வரையான எழுத்துகள் நீக்கம்), கிளைசீன் 58இலிருந்து வாசிப்புச் சட்டக மாற்றம், ஹோமோசைகஸ் (இரண்டு பிரதியிலும்). 2011இலிருந்து வரும் கட்டுரைகளில் அடிபடுவதோ சி.204_214டெல், கிளைசீன் 69. இது புதிய மாற்றமா?

இன்னும் இரண்டு சிக்கல். தாயின் சாங்கர் (டிஎன்ஏ வரிசை வாசிப்பு) வரைபடம் பாதிக்குப் பிறகு குழம்பிப்போகிறது. நோயாளியின் தோல் நார்முன்செல்களில் (ஃபைப்ரோபிளாஸ்ட்) வெஸ்டர்ன் (பிறபொருளெதிரியால் புரதத்தைத் தேடும் சோதனை) செய்தால் 17 கிலோடால்டனில் ஒன்றும் இல்லை. கட்டுப்பாட்டு மாதிரியிலும் இல்லை, 35க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பட்டை. 12% ஜெல், 0.45 மைக்ரோன் பிவிடிஎஃப் சவ்வு, 95 பாகையில் 5 நிமிடம். பிறபொருளெதிரி புரதத்தின் சி-முனைக்கு (கடைசி முனைக்கு) எதிரானது.

பதில் – நியூக்கிளியோ

புதியது இல்லை, அதே மாற்றந்தான். இந்தப் புரதத்துக்கு இரண்டு வடிவங்கள்: 152 அமினோ அமிலம் கொண்டது ஒன்று (என்எம்_001031726; என்எம் என்பது ஒப்பீட்டு ஆர்என்ஏ வரிசையின் எண்), 141 கொண்டது மற்றது (என்எம்_031448). குறுகியதில் முன்னால் உள்ள 11 அமினோ அமிலம் கிடையாது, அதாவது 33 டிஎன்ஏ எழுத்து. 204இலும் 214இலும் 33ஐக் கழியுங்கோ, 171உம் 181உம் வரும். 69இல் 11 போனால் 58.

அறிக்கையின் அடியில் எந்த என்எம் எண், எந்தப் பதிப்பு என்று போட்டிருப்பார்கள். அது இல்லாமல் சி. எண்ணை எங்கேயும் எழுதவேண்டாம். மியூட்டலைசர் அல்லது வேரியன்ட் வலிடேட்டர் என்ற இணையக் கருவியில் போட்டு குரோமோசோம் ஆள்கூறாக மாற்றிப் பாருங்கோ. இரண்டு பெயரும் ஒரே இடத்தில் விழவேண்டும். மனித மரபணுத்தொகுதியின் ஒப்பீட்டுப் பதிப்பு ஜிஆர்சிஎச்37ஆ 38ஆ என்பதையும் குறித்து வையுங்கோ.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. துருக்கிக் குடும்பங்களில் கண்ட திரியோனீன் 11 → மெத்தியோனீன் மாற்றம் (சி.32சி>டி) நீள வடிவத்தில் மட்டுமே புரதத்துக்குள் வரும். குறுகிய வடிவத்தை மட்டும் வைத்து வடிகட்டினால் அது தொடக்கக் கோடனுக்கு வெளியே என்று தள்ளப்பட்டுவிடும். எதிர்மறை என்று வந்த பழைய அறிக்கைகள் கையில் இருந்தால் அந்த ஓர் இடத்தைத் திரும்பப் பார்ப்பது நல்லது.

பதில் – ஜெல்_அக்கா

தம்பி, தாயின் வரைபடம் பழுதில்லை. ஒரு பிரதியில் 11 எழுத்து இல்லையென்றால் அந்த இடத்துக்குப் பிறகு இரண்டு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். எதிர்த்திசைப் பிரைமராலும் வாசியுங்கள். இரு பக்கமிருந்தும் தெளிவாக வந்து அதே இடத்தில் குழம்பினால் அவர் ஹெட்டரோசைகஸ் (ஒரு பிரதியில் மட்டும் மாற்றம்). ஒன்றின்மேல் ஒன்று விழும் சிகரங்களிலிருந்து வழமையான வரிசையைக் கழித்துப் பார்த்தால், மிஞ்சுவது 11 எழுத்து தள்ளிய அதே வரிசையாக இருக்கவேண்டும்.

குடும்பம் முழுவதையும் சோதிக்கச் சாங்கர் தேவையில்லை. 120–180 எழுத்து நீளமான பிசிஆர் துண்டு எடுத்து 10% பொலிஅக்ரிலமைட்டில் ஓடவிடுங்கள். 2% அகரோசில் 11 எழுத்து வித்தியாசம் பிரியாது. ஹெட்டரோசைகஸ் ஆளுக்கு மேலே கூடுதலாக ஒன்றிரண்டு பட்டைகள் தெரியும். பொருந்தாத இரு இழைகள் சேர்ந்த ஹெட்டரோடூப்ளெக்ஸ் அது, மாசு என்று நினைத்துப் பிசிஆரைத் திரும்பச் செய்யவேண்டாம். ஹோமோசைகஸ் என்று தோன்றும் மாதிரியைச் சாதாரண ஒருவரின் பிசிஆருடன் சம அளவில் கலந்து, 95 பாகையில் 5 நிமிடம் வைத்து மெல்ல ஆறவிட்டு ஓட்டினால் அதே மேல்பட்டை வரவேண்டும்.

பெற்றோர் இருவரிடமும் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஹோமோசைகஸ் என்று முடிவு கட்டாதீர்கள். மற்றப் பிரதியில் பெரிய நீக்கம் இருந்தாலோ, பிரைமர் உட்காரும் இடத்தில் ஒரு எஸ்என்பி (ஓர் எழுத்து வேறுபாடு) இருந்தாலோ இதே தோற்றம் வரும்.

பதில் – சவ்வு_வாசகன்

வெஸ்டர்னில் பிழை மூன்று இடத்தில். முதலாவது கொதிக்கவைத்தது. சவ்வுக்குள் அமரும் நீர்வெறுப்புப் பகுதி உள்ள புரதம், 95 பாகையில் திரண்டு ஜெல்லின் வாயிலேயே நின்றுவிடும். 37 பாகையில் 20–30 நிமிடம் போதும். கொதிக்கவைத்த மாதிரியையும் பக்கத்துக் குழியில் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டாவது, 17 கிலோடால்டன் புரதம் 0.45 துளையினூடாகத் தப்பிப் போகும். 0.2 மைக்ரோன், 15% ஜெல் அல்லது டிரிஸ்-டிரைசீன், 20% மெதனோல். பின்னால் இன்னொரு சவ்வு வைத்தால் தப்பியது அதில் பிடிபடும்.

மூன்றாவது, மாதிரி. மொத்தச் சாற்றை விட்டு, இழைமணியும் (மைட்டோகொண்ட்ரியா) அகமுதலுருச் சிறுவலையும் (ஈஆர்) சேர்ந்த சவ்வுப் பகுதியைப் பிரித்து ஏற்றுங்கள். புரதம் இருப்பது அங்கேதான். 35இல் வருவது இரண்டு புரதங்கள் ஒட்டிய இரட்டையாகவும் இருக்கலாம், பிறபொருளெதிரி வேறெதையோ பிடிப்பதாகவும் இருக்கலாம். எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொடுத்துக் குறைகிறதா என்று பார்க்காமல் அதற்குப் பெயர் வைக்கவேண்டாம். நேர்க் கட்டுப்பாட்டுக்கு ஜிஎஃப்பி (பச்சை ஒளிர் புரதம்) ஒட்டிய புரதம் நல்லது, 44 அளவில் நிற்கும்.

புதுப் பிறபொருளெதிரி வாங்குவதென்றால் உலர்பனிப் பொதி வார முற்பகுதியில் இறங்கும்படி கேளுங்கள். போயாவும் வார இறுதியும் ஒட்டி வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே பனி தீர்ந்துவிடும்.

கேள்வியாளர் – கொழும்பு_ஈரத்தளம்

என்எம்_031448 என்றுதான் அறிக்கையில் இருக்கிறது, நன்றி. கட்டுப்பாட்டில் 17 வந்து நோயாளியில் வராவிட்டால் புரதம் இல்லை என்று எழுதலாமா அண்ணா?

பதில் – சவ்வு_வாசகன்

எழுதமுடியாது. இந்த நீக்கத்தால் நீள வடிவத்தில் 78ஆம் இடத்தில் நிறுத்தக் கோடன் வருகிறது. துண்டுப் புரதம் உருவானாலும் சி-முனை அதில் இல்லை, உங்கள் பிறபொருளெதிரிக்கு அது தெரியாது. "முழுநீளப் புரதம் காணப்படவில்லை" என்பது வரைக்கும்தான் எழுதலாம். துண்டைத் தேட என்-முனைக்கு (தொடக்க முனைக்கு) எதிரானது வேண்டும். எதிர்பார்க்கும் அளவு 8–9 கிலோடால்டன், ஆகவே 16.5% டிரிஸ்-டிரைசீன்.

பதில் – நியூக்கிளியோ

ஆர்என்ஏயையும் பாருங்கோ. நோய் பொதுவாக ஒடுங்கு மரபில் (இரண்டு பிரதியும் பழுதானால்) வருவது. ஆனால் கடைசி எக்ஸோனில் விழும் சில வெட்டு மாற்றங்கள் ஒற்றைப் பிரதியிலேயே நோய் தரும் என்று 2019இல் வெளியானது. அங்கே செய்தி ஆர்என்ஏ அழியாமல் தப்பி, துண்டுப் புரதம் உருவாகலாம் என்பதுதான் விளக்கம். உங்கள் மாற்றத்தில் பெற்றோர் நோயில்லாத காவிகளாக மட்டும் இருக்கிறார்களா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு, ஆலோசனைக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுங்கோ. கடிதத்தில் இரண்டு எண்ணையும் போடுங்கோ, 58உம் 69உம்.