புதுப்பிப்பு: காரைக்குடிப் படிப்புக்கு விடுதியா, பஸ்ஸா?

அக்கா மகளுக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் கிடைத்திருக்கிறது, விடுதியா, தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸா என்று கேட்டிருந்தேன். பலரும் விடுதி என்றீர்கள். அக்கா கேட்டால்தானே! பஸ்தான்.

காலையில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்கிறாள். ஒருநாள் யாரோ ஒருவர் வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டதாம்.

பல்கலைக்கழகம் 1985இல்தான் வந்தது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். வள்ளல் அழகப்பர் 1947இல் தொடங்கிய கல்லூரி இருந்தது. சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வகம் வரவும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர்தான். வேதியியல் படிப்பவளுக்கு அது உள்ளூரிலேயே இருப்பது பெரிய வசதி, என்னைக் கேட்டால் விடுதியைவிட. அங்கே ப்ராஜெக்ட் செய்தவர்கள் யாராவது இருந்தால், எப்போது விண்ணப்பிப்பது நல்லது என்று சொல்லுங்கள்.