ஏ-லெவல் சமூக அறிவியல்: இன்னும் உறுத்துகிற ஒரு விடைத்தாள், ஒரு கேள்வி

கேள்விக்குறி:
இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போகுமுன் எழுதுகிற ஏ-லெவலில், சோசியாலஜி (சமூகவியல்) பேப்பர் 1, ஏக்யூஏ என்ற தேர்வு போர்டு. எல்லாருக்கும் தெரிந்த அந்த 20 மார்க் 'மெதட்ஸ் இன் கான்டெக்ஸ்ட்' கேள்விதான், அதாவது ஓர் ஆய்வு முறை ஒரு குறிப்பிட்ட சூழலுக்கு எப்படிப் பொருந்தும் என்பது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராயக் கேள்விப் படிவம் எந்த அளவுக்கு உதவும் என்று எழுதச் சொன்னது. அதற்கு வந்த ஒரு பயிற்சி விடை இன்னும் உறுத்துகிறது. செலவு குறைவு, நிறையப் பேரை எட்டலாம், யார் திரும்பச் செய்தாலும் அதே முடிவு வரும், பாசிட்டிவிஸ்டுகள் (சமூகத்தை அறிவியல் போல அளந்து ஆராய்பவர்கள்) விரும்புவார்கள், பதில் குறைவாகத்தான் திரும்பி வரும். எதுவும் தப்பில்லை. ஆனால் இரண்டு பக்கத்தையும் சலித்தாலும் ஒரு பள்ளிக்கூடம் இல்லை, ஒரு பெற்றோர் இல்லை. முறையைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி மார்க்கைத் தொடுவதே கஷ்டம்.

அதே 'பதில் குறைவு' என்ற வரியை எடுங்கள். படிவத்தைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பினால் பல படிவங்கள் பையை விட்டே வெளியே வராது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் நிரப்புவது யார்? பேரன்ட்ஸ் ஈவினிங்குக்குத் தவறாமல் வருகிறவர். பள்ளியை வெறுத்தவர், ஆங்கிலம் வாசிக்கத் திணறுகிறவர், இரவு ஷிப்ட் பார்க்கிறவர் நிரப்பமாட்டார். ஆய்வுக்கு முக்கியமாக வேண்டியது அவர்கள்தான். நிரப்புகிறவரும் தன்னை அக்கறையுள்ள பெற்றோராகக் காட்டத்தான் பார்ப்பார். முறையின் ஒரு குணம், ஆராயப்படுகிறவர்களின் ஒரு குணம், இரண்டும் மோதுகிற இடம்: ஒரு பத்திக்கு இவ்வளவு போதும். நாலு பத்தி, 30 நிமிடம்.

ஈலிங் வாசகன்:
முறை சரி. அந்த 30 நிமிடம் எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. 120 நிமிடம், 80 மார்க். ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம். முன்னாடியே வருகிற 30 மார்க் கட்டுரைக்கு, ஐட்டம் (தாளிலேயே கொடுக்கும் சிறு பத்தி) வாசிப்பதையும் சேர்த்து, 45 நிமிடம்தான். பசங்க அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசி 10 மார்க் கேள்வி பாதி வாக்கியத்தில் நிற்கிற தாள்கள் எத்தனையோ.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது வேறொரு தாள். வரிக்கு ஒரு சமூகவியலாளர் பெயர். போல்ஸ், கின்டிஸ் 1976, வில்லிஸ் 1977, பெக்கர், பூர்தியூ. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றோடொன்று பேசவே இல்லை. பள்ளி கீழ்ப்படிகிற தொழிலாளர்களை உருவாக்குகிறது என்பது போல்ஸ், கின்டிஸ் கருத்து. வில்லிஸ் பார்த்த 12 பையன்கள் கீழ்ப்படியவே இல்லை. ஆசிரியர்களைக் கேலி செய்தார்கள், படிப்பை உதறினார்கள். போய்ச் சேர்ந்தது என்னவோ அதே உடலுழைப்பு வேலைக்கு. ஒரே ஆய்வு அவர்களை ஒரு பக்கம் மறுக்கிறது, இன்னொரு பக்கம் ஆதரிக்கிறது. இதை மூன்று வாக்கியத்தில் எழுதினால் எவாலுவேஷன் (மதிப்பீட்டு) மார்க் கிடைக்கும். எட்டு பெயரை அடுக்கினால் கிடைக்காது.

ஐட்டம் ஏ-யோடு வருகிற 10 மார்க் கேள்வியில் இரண்டு காரணமும் ஐட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஒன்றை அங்கிருந்து எடுத்து இன்னொன்றைச் சொந்தமாக எழுதினால், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீண்.

மலர் (சைக்காலஜி):
சைன் டெஸ்ட், அதாவது கூட்டல், கழித்தல் குறிகளை எண்ணி மாற்றம் தற்செயலா என்று பார்க்கிற சோதனை. தயவுசெய்து பிள்ளைகளை ஒரு தடவை கையால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 10 பேரின் நினைவாற்றல், பயிற்சிக்கு முன்னும் பின்னும். 7 பேருக்குக் கூடியது, ஒருவருக்குக் குறைந்தது, 2 பேருக்கு மாற்றமே இல்லை. கூட்டல் 7, கழித்தல் 1. குறைவாக வந்த குறியின் எண்ணிக்கைதான் எஸ்; ஆக எஸ் = 1. மாற்றமில்லாத இருவரை விட்டுவிட வேண்டும், அதனால் 'என்' (கணக்கில் வரும் ஆட்கள்) = 8. இருமுனைச் சோதனை (கூடுதலோ குறைவோ, எந்தப் பக்க மாற்றமும் கணக்கு), 0.05 அளவு: அட்டவணையில் என் 8-க்கு 0. எஸ் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். 1 இருக்கிறது, முடிவு சிக்னிஃபிகன்ட் இல்லை, அதாவது தற்செயலாகவும் இருக்கலாம். அந்த இருவரை எடுக்க மறந்து என் 10 என்று பார்த்தால் அட்டவணை 1 காட்டும், முடிவு சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும். இரண்டு பேரால் விடை தலைகீழ்!

வில்காக்ஸன், மான்-விட்னி என்ற இரண்டு சோதனைக்கும் 'சமமாகவோ குறைவாகவோ' என்ற இதே விதி. மற்றவற்றுக்கு, அதாவது ஸ்பியர்மன், பியர்சன், கை ஸ்கொயர்ட், இரண்டு டி-டெஸ்ட், கணக்கிட்ட எண் அட்டவணை எண்ணுக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும்.

16 மார்க் கட்டுரையும் அப்படித்தான் கவிழ்கிறது. அதில் விவரிப்புக்கு 6, மதிப்பீட்டுக்கு 10. மில்கிராமின் கீழ்ப்படிதல் ஆய்வில் 40 பேர், 65 விழுக்காட்டினர் 450 வோல்ட் வரை போனார்கள் என்று ஆய்வுக்கூடத்தை ஒரு பக்கம் வர்ணித்தால் 6-க்கு மேல் நகராது. கேள்வியில் ஒரு ஆளின் கதை கொடுத்திருந்தால் கணக்கே வேறு: விவரிப்பு 6, அந்த ஆளுக்குப் பொருத்துவது 4, மதிப்பீடு 6. அந்த 4 அந்த ஆளின் பெயரைச் சொல்லி எழுதுகிறவர்களுக்கு.

வட்டூரான்:
பொலிட்டிக்ஸை ஒருத்தரும் கதைக்கேல்லை. எடெக்ஸெல் போர்டின்ர பேப்பர் 1, முதல் 30 மார்க் சோர்ஸ் (தாளில தாற பகுதி) கேள்வி. சோர்ஸில தேர்தல் முறை எண்ட சொல்லைக் கண்ட உடனே பிள்ளையள் தங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் கொட்டுகினம். வாதம் சோர்ஸில இருந்துதான் துவங்க வேணும். வெளியில படிச்சது அந்த வாதத்தைப் பலப்படுத்த மட்டும். சோர்ஸில் இருக்கிற ரெண்டு பக்கத்தையும் எதிரெதிரா வைச்சு ஒப்பிடாட்டி மேல் லெவலுக்குப் போகேலாது.

உதாரணத்துக்கு 2024 பிரித்தானியப் பொதுத்தேர்தல் ஒண்டே போதும். லேபர் கட்சி 33.7 வீத வாக்கோட 650 ஆசனத்தில 411. ரிஃபோர்ம் 14.3 வீதம் எடுத்து 5. லிபரல் டெமோக்ரட்ஸ் அதைவிடக் குறைய, 12.2 வீதம், ஆனா 72 ஆசனம். வாக்கு எவ்வளவு எண்டதை விட எங்க குவிஞ்சது எண்டதுதான் விஷயம். அதை விளக்கினாத்தான் பகுப்பாய்வு. அக்காமார், அண்ணாமாரின்ர பழைய நோட்ஸைக் குடுக்கிற ஆக்கள் கவனியுங்கோ: அஞ்சு வருஷத்துக்கொருக்கா தேர்தல் எண்டு நிர்ணயிச்ச ஃபிக்ஸ்ட் டேர்ம் பார்லிமென்ட்ஸ் சட்டம் 2022-இல நீக்கப்பட்டிட்டு. அதை இப்பவும் இருக்கிற மாதிரி எழுதின விடையைப் பார்க்கத் துக்கமா இருக்கு.

நிதானம்:
வட்டூரான் அண்ணா சொன்ன நோட்ஸ் விஷயம் பாடத் தேர்வுக்கும் பொருந்தும், அதனால் சொல்கிறேன். ரஸ்ஸல் குரூப் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் 'ஃபெசிலிடேட்டிங்' (பல டிகிரிகளுக்கு வழி திறக்கும்) பாடப் பட்டியல் 2019-லேயே கைவிடப்பட்டது. அதைக் காட்டி சோசியாலஜி மதிப்பில்லாத பாடம் என்று பிள்ளையை மாற்றுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதே நேரம் எகனாமிக்ஸ் டிகிரி ஆசை இருந்தால் மேத்ஸ் வேண்டும். எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்), கேம்பிரிட்ஜ் இரண்டும் ஏ-லெவல் மேத்ஸ் இல்லாமல் எடுக்காது. எகனாமிக்ஸ் ஏ-லெவல் இல்லாமல்கூடப் போகலாம். சைக்காலஜி டிகிரிக்குப் பல இடங்கள் ஒரு அறிவியல் பாடம் கேட்கும். சில இடங்களில் சைக்காலஜியே அந்தக் கணக்கில் வரும். ஒவ்வொரு கோர்ஸ் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

சோசியாலஜி, பாலிடிக்ஸ், ஹிஸ்டரி மூன்றையும் சேர்த்து எடுப்பதற்கு முன் யோசியுங்கள். மூன்றும் நீண்ட கட்டுரைகள். ஹிஸ்டரியில் 20 விழுக்காடு கோர்ஸ்வொர்க், மற்ற இரண்டில் எதுவும் இல்லை. பரீட்சை மொத்தமும் இயர் 13 (ஏ-லெவலின் இரண்டாம் வருடம்) கோடையில். இயர் 12 செப்டம்பரில் படித்த 'எஜுகேஷன்' பகுதிக்குப் பரீட்சை வரும்போது ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியிருக்கும். மாதம் ஒரு பழைய 30 மார்க் கேள்வியை நேரம் வைத்து எழுதினால் அது மறக்காது. இயர் 12 முடிவுப் பரீட்சையை உள்பரீட்சைதானே என்று விடவே கூடாது. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸுக்குப் போகும் உத்தேச கிரேடு பெரும்பாலும் அதிலிருந்துதான்.

கேள்விக்குறி:
நிதானம் சொன்னதோடு ஒன்று. போர்டைக் கேட்காமல் சேராதீர்கள். மேலே ஈலிங் வாசகன் சொன்ன 10 மார்க் விதி ஏக்யூஏவுக்கு மட்டும். ஓசிஆர் போர்டின் சோசியாலஜிக்குப் பேப்பர் அமைப்பே வேறு. எடெக்ஸெல் பாலிடிக்ஸ் என்றால் பேப்பர் 3-க்கு அமெரிக்க அரசியலா குளோபல் (உலக) அரசியலா என்றும் கேளுங்கள். அதைக் கல்லூரிதான் முடிவு செய்யும், பிள்ளை அல்ல.